பெயர் மாத்திரம் எஞ்சலாமா?

ஈழநாட்டின் கீழ்க்கரையிலே இயற்கை தானே கோலி அமைத்துவைத்த பெருந்துறை திருகோணமலை. மலையும் காடும் சூழ்ந்து காவல் நிற்க, எத்துணைப் பெரிய கப்பலும் அஞ்சாது நங்கூரமிடத்தக்க ஆழமும் அமைதியும் வாய்ந்தது. இத்துறையைக் கைக்கொள்ளும் பொருட்டுப் போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராய் வந்து போராடிய கதையை மாணவர் பாடநூலிற் படித்திருப்பர். திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் தலமாதலின் அடியார்கள் இதனை அறிவர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு பொழிந்ததை முதியோர் சொல்லக் கேட்டவர்களும் உண்டு.

இவற்றினும் வேறான ஒரு வரலாறும் இத்துறைமுகத்துக்கு உண்டு. அது இங்குள்ள காட்டிலும் கடலிலும் வாழ்கின்ற உயிர்களின் வரலாறு. வாழ்ந்து மறைந்துபோன உயிர்களின் வரலாறுமாம். பெருமாளிகைகளையும் கோட்டைகளையும் கண்டு களிக்கச் செல்லும் குடும்பங்கள் இதனையும் ஒருமுறை கருத்திற்கொண்டு திருகோணமலையைப் பார்த்தல் நன்று.

யாழ்ப்பாணத்திலிருந்து இவ்வூருக்குப் புறப்படுவோர் முதலில் ஆனையிறவைக் கடக்கின்றனர். வன்னிக் காடுகளிலே பிடித்த யானைகளை, நீர் ஆழங் குறைந்த அவ்விடத்தால் நடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுவந்தமையால் அப்பெயர் வாய்த்தது என்பர். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலே யானைகள் ஏலங் கூறப்பட்டு இந்தியாவுக்குக் கப்பலேறின. இன்று ஆனையிறவில் உப்பளம் உண்டு, புகையிரத நிலையம் உண்டு, ஆனை இல்லை. வண்டியின் சாளரத்தால் எட்டிப்பார்த்து, "இங்கே யானை எங்கே?" என்று வினவும் குழந்தைக்குப் பெற்றோர் சிரித்து மழுப்பிவிடுகின்றனர். விலங்கு போய்ப் பெயர் மாத்திரம் எஞ்சிய இடங்களுள் அது ஒன்று. திருகோணமலையிலும் அத்தகைய இடங்கள் தோன்றிவிடுமோ என்பதே இக்கட்டுரையின் கவலை.

கோட்டை வாயிலில் மான்கள்

கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழி பிரெடரிக் கோட்டையினூடே போகிறது. போர்த்துக்கீசர் 1624இல் கட்டி, 1639இல் ஒல்லாந்தரிடம் இழந்து, 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த கோட்டை அது. கல் வாயிலைக் கடந்ததும் நம்மை எதிர்கொள்வோர் புள்ளிமான்கள். ஆலும் வேம்பும் நிழல்செய்யும் அவ்விடத்திலே, மனிதரைக் கண்டு மருளாது, கோயிலுக்குச் செல்வோர் கையையே நோக்கி அவை நிற்கும் காட்சி பிள்ளைகளுக்குப் பேரின்பம் தருவது. காட்டுக்குள் நாள்முழுதும் திரிந்தாலும் காண்டற்கரிய விலங்கினை நகரத்தின் நடுவே கைக்கெட்டும் தொலைவிற் காண்கிறோம்.

எனினும் சற்றே நின்று கவனித்தால் மகிழ்ச்சி குறைந்துவிடும். கோட்டைக்கு வெளியே கடற்கரையிலும் வீதியோரத்திலும் இரைதேடித் திரியும் மான்கள், உணவு சுற்றி எறிந்த பொலித்தீன் பைகளை உப்புச்சுவைக்காக மென்று விழுங்குகின்றன. பை இரைப்பையிலே தங்கிவிடுகிறது. அசைபோடும் விலங்கின் வயிற்றில் அது செரிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. வயிறு நிறைந்திருக்கவே பட்டினியால் மான் மடிகிறது. வேட்டையாடுவோன் துப்பாக்கியோடு வருவான். அவனைச் சட்டம் பிடிக்கும். மானுக்கு அன்போடு பழம் கொடுத்துவிட்டுப் பையை எறிந்துசெல்லும் அடியாரை யார் பிடிப்பது?

கொட்டியாற்றுக் கரையில் ஒரு மாலுமி

கோட்டையின் தென்பக்கத்தே நின்று நோக்கினால் பரந்த கொட்டியாற்றுக் குடா தோன்றும். அதன் அக்கரையில் மூதூர். மகாவலி கங்கை கடலோடு கலக்கும் இடம் அதுவே. 1660ஆம் ஆண்டில், புயலால் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் பழுதுபார்த்தற்காக இக்குடாவில் வந்து தங்கிற்று. அதிலிருந்த இளைஞர் றொபேட் நொக்ஸ், கப்பற்றலைவராகிய தம் தந்தையோடும் ஏனையோரோடும் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டார். அவர் பிடிபட்டதாகக் கூறப்படும் புளியமரம் 'வெள்ளைக்காரன் மரம்' என வழங்கிற்று. அவ்விடத்தில் நினைவுக்கல்லும் நாட்டப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டிலே கழித்து 1679இல் தப்பியோடிய நொக்ஸ், 1681இல் இலண்டனில் இலங்கையைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

அந்நூலிலே விலங்குகளைக் கூறுமிடத்து 'கவர' என்னும் ஒன்றை அவர் குறிப்பிடுகின்றார். அது காளையைப் பெரிதும் ஒத்தது. முதுகு வரம்புபோல் கூர்மையாய் உயர்ந்தது. நான்கு காலும் பாதிவரை வெண்ணிறமானது. தாம் ஒன்றே ஒன்றைத்தான் கண்டதாகவும், அதுவும் அரசனுடைய விலங்குகளோடு வைத்துப் பேணப்பட்டதாகவும் எழுதியுள்ளார். தென்னிந்திய மலைக்காடுகளில் இன்றும் திரியும் காட்டுமாடே இது என்பதில் ஐயமில்லை. பழந்தமிழ்ப் புலவர் 'ஆமா' என்று பாடியதும் இதனையே. நொக்ஸ் காலத்துக்கு இருநூறு ஆண்டுகளின்பின் இலங்கையின் உயிரினங்களை ஆராய்ந்த அறிஞர்கள் வந்தபோது, இத்தீவில் அதனைக் காணமுடியவில்லை. மண்ணுள் புதைந்த எலும்புகளும் பழைய பெயரும் மாத்திரமே கிடைத்தன. மகாவலியின் நீர் இறங்கிவரும் மலைகளிலே ஒருகாலம் மேய்ந்த பெருவிலங்கு, ஒரு கைதியின் நூலில் நான்கு வரியாகச் சுருங்கிவிட்டது.

நொக்ஸ் கொட்டியாற்றிலே பிடிபட்ட அதே காலத்தில், இதே இந்து சமுத்திரத்தின் மறுகோடியிலுள்ள மொரீசியசுத் தீவில் இன்னொரு முடிவு நிகழ்ந்துகொண்டிருந்தது. பறக்கமாட்டாத டோடோ என்னும் பெரும்பறவை அத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. 1598இல் ஒல்லாந்தர் அங்கே இறங்கினர், 1638இல் குடியேறினர். மறு ஆண்டிலேயே அவர்கள் திருகோணமலைக் கோட்டையையும் கைப்பற்றினர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. கப்பலோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் டோடோவின் முட்டைகளைத் தின்றன. மனிதர் காட்டை வெட்டினர். 1662ஆம் ஆண்டோடு அதனைக் கண்டதற்கான உறுதியான சான்றுகள் முடிந்துபோகின்றன. மனிதர் காலடி வைத்தபின் ஒரு நூற்றாண்டுகூட அப்பறவை தாங்கவில்லை.

புறாத்தீவு

டோடோ எந்தக் குலத்தைச் சேர்ந்தது தெரியுமா? அது புறாவின் இனம். ஆகவே அந்நினைவோடே திருகோணமலையிலிருந்து வடக்கே சுமார் பதினைந்து கிலோமீற்றர் சென்று நிலாவெளியை அடைவோம். வெண்மணற் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவிலே, கருங்கற் பாறைகள் குவித்தாற்போன்ற சிறு தீவொன்று தெரியும். அதுவே புறாத்தீவு. அருகில் இன்னும் சிறியதொரு திட்டும் உண்டு. பாறைப் பிளவுகளிலே மாடப்புறாக்கள் கூடுகட்டி வாழ்வதனால் வந்த பெயர் இது. நம் வீட்டு முற்றத்திலும் கோயிற் கோபுரத்திலும் காணும் புறாக்களெல்லாம் வளர்ப்புப் புறாவின் வழிவந்தவை. அவற்றுக்கெல்லாம் மூதாதையான காட்டு மாடப்புறா, இலங்கையிலே கடலோரப் பாறைகள் சிலவற்றை மாத்திரமே தன் இயற்கை இருப்பிடமாகக் கொண்டது. அவற்றுள் தலையானது இத்தீவு.

ஆங்கிலேயர் ஆட்சியிலே இத்தீவு சுடுபயிற்சிக்கான இடமாகப் பயன்பட்டது. 1963இல் இது சரணாலயமாயிற்று; 2003இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. இன்று தீவும் அதனைச் சூழ்ந்த கடலுமாக 471 ஹெக்டேயர் பரப்பு வனசீவராசிகள் திணைக்களத்தின் காவலில் உள்ளது.

"புறாத்தானே, அதற்கு என்ன குறைவு?" என்று கேட்போர் இருப்பர். வட அமெரிக்காவிலும் அவ்வாறே கேட்டார்கள். அங்கே பயணப்புறா என்னும் ஓரினம் இருந்தது. அதன் தொகை 300 கோடிக்கும் 500 கோடிக்கும் இடைப்பட்டிருக்கலாம் என அறிஞர் மதிப்பிடுகின்றனர். அக்கூட்டம் பறந்துசெல்லும்போது சூரியன் மறைந்து பகல் இருளுமாம். புகையிரதமும் தந்தியும் வந்தன. எந்தக் காட்டில் கூடு கட்டியுள்ளது என்பதைத் தந்தி வேட்டைக்காரர்க்கு அறிவித்தது; கொன்றவற்றைப் பீப்பாய்களில் அடைத்துப் புகையிரதம் நகரச் சந்தைக்குக் கொண்டுசென்றது. அப்புறா ஓர் ஈற்றுக்கு ஒரே முட்டையே இடும். ஆகவே செலவு வரவை விஞ்சிற்று. 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆந் திகதி, சின்சினாற்றி நகர மிருகக்காட்சிச் சாலையிலே, மார்த்தா எனப் பெயரிடப்பட்ட கடைசிப் பெண்புறா இறந்தது. கோடிக்கணக்கில் இருந்தமையே அதன் கேடாயிற்று. குறையும் என்று ஒருவரும் எண்ணவில்லை.

புறாத்தீவின் பெருமை புறாவோடு முடிவதன்று. அதனைச் சூழ்ந்த நீருள் நூறுவகைப் பவளமும் முந்நூறுவகை மீனும் கணக்கிடப்பட்டுள்ளன. கரிய செட்டை நுனியுடைய சிறு சுறாக்கள் முழங்கால் நீரில் வந்துபோகும். அவை மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. 1998இல் கடல்நீர் அளவுக்குமேல் வெப்பமுற்று, இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளிலே பவளம் பெருமளவில் வெளிறி இறந்தபோதும், திருகோணமலைப் பக்கத்துப் பவளம் பெரும்பாலும் தப்பிப் பிழைத்தது. போர்க்காலத்தில் நெடுநாள் மக்கள் செல்லமுடியாதிருந்தமையால் அது ஒருவாறு ஓய்வும் பெற்றிருந்தது.

2009இல் போர் முடிந்தபின் படகுகள் பெருகின. பாறைபோல் திரண்டு வளரும் பவளம் ஆண்டொன்றுக்கு ஒரு சதமமீற்றர் அளவே உயர்கின்றது. நீந்தத் தெரியாத ஒருவர் களைப்பாறுவதற்காக அதன்மேல் ஒருமுறை கால் ஊன்றினால், அவர் பாட்டனார் பிறந்த நாள்தொட்டு வளர்ந்தது ஒரு கணத்தில் முறிந்துவிடலாம். உயிருள்ள பவளத்தை வெறுங்கல் என எண்ணுவதனால் வரும் கேடு இது. இன்னும் கொடியது வெடிவைத்து மீன்பிடித்தல். சட்டம் அதனை முற்றாகத் தடைசெய்துள்ளது. ஆயினும் திருகோணமலைக் கடலில் அதன் ஓசை அடங்கியபாடில்லை. ஒரு வெடியில் சந்தைக்கு வரும் மீனினும், குஞ்சும் முட்டையும் பவளமுமாக அழிந்து அடியில் அமிழ்வதே மிகுதி. வலைவீசிப் பிழைக்கும் நேர்மையான மீனவரே இதனால் முதலில் நட்டமடைகின்றனர்.

யானையும் உழவரும்

கரையை விட்டு உள்ளே திரும்பிக் கந்தளாய், சேருவில, முதலிக்குளம் முதலிய ஊர்களை நோக்கிச் சென்றால், வயலோரத்து மரங்களிலே பரண்களைக் காணலாம். இரவெல்லாம் கண்விழித்து, பந்தமும் வெடியும் கொண்டு, விளைந்த நெல்லை யானையிடமிருந்து காக்கும் உழவர் பரண்கள் அவை. ஓரிரவில் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு அழிந்துபோவதுண்டு. சில இரவுகளில் உயிரும் போவதுண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலங்கை யானை பயிருக்குப் பகை எனக் கருதப்பட்டு, அதனைக் கொல்வோர்க்கு அரசாங்கமே பரிசு வழங்கிற்று. 1845இல் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் றொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி, தம் வாழ்நாளில் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பேர்பெற்றவர். அதனை அக்காலத்தார் வீரம் என்றனர். 2011இல் நாடளாவிய முறையில் யானைகளைக் கணக்கெடுத்தபோது 5,879 எனத் தொகை வந்தது. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 450க்கும் மேற்பட்ட யானைகள் மாண்டன. யானைகளால் இறந்த மனிதரும் 150க்கு மேற்பட்டோர். துப்பாக்கியும், வீட்டு மின்கம்பியை வேலியிற் கொளுவும் வழக்கமும், தீனிக்குள் மறைத்துவைக்கும் வெடியும், புகையிரதமும் யானையைக் கொல்கின்றன.

இங்கே உழவரைப் பழிப்பது எளிது, நியாயம் அன்று. யானையின் வழியை மறித்துக் குடியேற்றங்களையும் நீர்ப்பாசனத் திட்டங்களையும் வகுத்தவர்கள் பரணில் இரவைக் கழிப்பதில்லை. யானையைக் காட்டுக்குள் அடைத்துவிடலாம் என்று நெடுங்காலம் செய்த முயற்சி பலிக்கவில்லை. காட்டைச் சுற்றி வேலியிடுவதை விடுத்து, கிராமத்தையும் விளைகாலத்தில் வயலையும் சுற்றி உயிர்க்கேடு செய்யாத மின்வேலியிட்டு, அவ்வேலியை ஊரவரே பேணுவது பல இடங்களிலே நற்பயன் தந்துள்ளது. அறுவடை முடிந்ததும் வயல்வேலியைக் கழற்றிவிட்டால், தாளை மேய யானையும் வந்துபோகும். இருவரும் வாழ இடமுண்டு என்பதற்கு இது ஒரு வழி.

சுவாமிமலை உச்சியிலிருந்து

இதுவரை கண்டவை நெஞ்சைக் கனக்கச் செய்பவை. இனி மீண்டும் நகருக்கு வந்து, இராவணன் வெட்டைக் கடந்து, கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலை உச்சியில் நின்று கடலை நோக்குவோம். மலை செங்குத்தாகக் கடலுள் இறங்குகிறது. கடலின் அடியிலும் அவ்வாறே ஒரு பெரும் பள்ளத்தாக்கு உண்டு. கரையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்திலேயே ஆழம் ஆயிரம் மீற்றரை விஞ்சிவிடுகிறது. அப்பள்ளத்தாக்கே உலகின் மிகப்பெரிய உயிரை இம்மலையடிக்கு அழைத்துவருகிறது.

வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் தெளியும் மார்ச் மாதத்துக்குப் பின், காலை வேளையிலே, நீலத் திமிங்கிலம் மூச்சுவிடும் வெண்ணீர்த் தூணை இக்கோயில் வாசலிலிருந்தே சிலவேளை காணலாம். கோயிலுக்குப் போய்த் திமிங்கிலத்தையும் கண்டு திரும்பக்கூடிய ஊர்கள் உலகில் எத்தனை இருக்கும்! இக்கடலின் நீலத் திமிங்கிலம் ஏறத்தாழ 24 மீற்றர் நீளம் வரை வளரும். இருபது யானைகளைச் சேர்த்து நிறுத்தாலும் அதற்கு ஈடாகாது. அதன் உணவோ விரலினும் சிறிய இறால் வகை. ஏனைய கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் இரைதேடித் துருவக் கடலுக்கும் இனம்பெருக்க வெப்பக் கடலுக்குமாகப் பெரும்பயணம் செய்ய, இவை ஆண்டு முழுவதும் வட இந்து சமுத்திரத்திலேயே தங்குகின்றன. இவற்றுக்கெனத் தனியான ஒலியும் உண்டு. 1980களின் முற்பகுதியில், உலக வனசீவராசிகள் நிதியத்தின் ஆதரவில் 'தூலிப்' என்னும் பாய்க்கப்பலில் வந்த ஆராய்ச்சியாளர்கள் திருகோணமலைக் கடலிலே பெருந்தலைத் திமிங்கிலங்களையும் நீலத் திமிங்கிலங்களையும் உயிரோடு பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். கொன்று அறுத்து ஆராய்ந்த வழக்கம் மாறி, கொல்லாது அறியும் கலை வளர்ந்ததற்கு இக்கடலும் ஒரு பள்ளியாயிற்று. நாட்டிலே மூண்ட கலகம் அப்பணியை இடையில் நிறுத்திவிட்டது.

இத்திமிங்கிலம் இன்று உயிரோடிருப்பது தற்செயல் அன்று. நீராவிக் கப்பலும் வெடிகுண்டு பொருத்திய ஈட்டியும் வந்தபின், இருபதாம் நூற்றாண்டில் தென்கடல்களில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் எண்ணெய்க்காகக் கொல்லப்பட்டன. 1930-31ஆம் பருவம் ஒன்றிலேயே கொல்லப்பட்டவை 29,000க்கு மேல். தென்துருவக் கடலில் முன்பிருந்ததில் நூற்றுக்கு ஒரு பங்குகூட எஞ்சவில்லை. 1966இல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு நீலத் திமிங்கிலத்தைக் கொல்லலாகாது என விதித்தது. அக்காலத்தையொட்டிச் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்திலே ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை இரகசியமாகக் கொன்ற செய்தி, பல ஆண்டுகள் கழித்தே வெளியாயிற்று. 1979இல் ஒரு சிறு தீவு நாடாகிய சீஷெல்ஸ் முன்மொழிய, இந்து சமுத்திரம் முழுவதும் திமிங்கிலச் சரணாலயமாகப் பிரகடனமாயிற்று. 1982இல் வணிக வேட்டை அனைத்தையும் நிறுத்தும் தீர்மானம் நிறைவேறிற்று.

பயன் என்ன? அவுஸ்திரேலியக் கரைகளிலே சில நூறாகக் குறைந்திருந்த கூன்முதுகுத் திமிங்கிலங்கள் பல்லாயிரமாகப் பெருகின. 2022இல் அந்நாடு அவற்றை ஆபத்துக்குள்ளான உயிர்களின் பட்டியலிலிருந்து நீக்கிற்று. நீலத் திமிங்கிலம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு கன்றே ஈனுவதால் அது மெல்லவே மீள்கிறது. இப்பொழுது அதற்குப் பெரும் அபாயம் கப்பல்களின் மோதல். இலங்கையின் தென்முனையை ஒட்டிச் செல்லும் கப்பற்பாதை திமிங்கிலம் இரைதேடும் இடத்தினூடே போகிறது. 2022இல் எம்.எஸ்.ஸி. என்னும் பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் பதினைந்து கடல்மைல் தெற்கே விலகிச் செல்லுமாறு பணித்தது. அப்பாதையின் ஏனைய கப்பல்களும் அவ்வாறே விலகுமாறு செய்தல் இன்னும் நிறைவேறாத பணி.

காலந் தாழ்த்தினால்

காலத்தே விதித்த தடை திமிங்கிலத்தைக் காத்தது. காலந் தாழ்ந்த இடங்களில் நேர்ந்ததையும் மாணவர் அறிதல் வேண்டும். வடபசிபிக்கில், பேரிங் என்பாரின் கப்பல் உடைந்து ஒதுங்கிய தீவிலே, 1741இல் ஸ்டெல்லர் என்னும் அறிஞர் ஒரு பெருங்கடற்பசுவைக் கண்டு எழுதினார். எட்டு மீற்றர் நீளம். கடற்பாசி மேயும் சாதுவான விலங்கு. இறைச்சி சுவையானது என்ற செய்தி பரவிற்று. 1768இல் கடைசி ஒன்றும் கொல்லப்பட்டது. கண்டறிந்ததற்கும் அழித்ததற்கும் இடையே 27 ஆண்டுகளே.

அதன் உறவான கடற்பசு ஒன்று நம் கடலிலும் உண்டு. திருகோணமலைக்கு வடக்கே பாக்குநீரிணையிலும் மன்னார்க் கடலிலும் கடற்புல் மேய்ந்து வாழும் அதனை மீனவர் ஆவுளியா என்பர். கடற்பன்றி என்போரும் உளர். ஒருகாலம் கூட்டமாகத் திரிந்தது. இன்று காண்பதே அரிது. தமிழ்நாட்டு அரசு 2022இல் பாக்கு விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீற்றர் கடலை இதற்கெனக் காப்பிடமாக்கியது. இலங்கையிலும் இதனைப் பிடித்தலும் விற்றலும் குற்றமாகும். இருகரைத் தமிழ் மீனவரும் ஒத்துழைத்தாலன்றி இவ்வுயிர் நிலைக்காது. தம் வலையிற் சிக்கிய ஆவுளியாவை அறுத்து விடுவித்த மீனவர்கள் உண்டு. வலையின் விலையை இழந்து அவர்கள் செய்யும் அறத்துக்கு அரசுகள் ஈடு வழங்குதல் முறை.

இந்து சமுத்திரத்தின் கிறிஸ்மஸ் தீவிலே வாழ்ந்த ஒரு சிறு வௌவாலின் கதை இன்னும் அண்மையது. குறைந்துவருகிறது என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்தனர். பிடித்துப் பேணி வளர்க்க அனுமதி கிடைத்தது 2009இன் நடுப்பகுதியில். ஆய்வாளர் சென்றபோது ஒரேயொரு வௌவாலின் ஒலியே கேட்டது. ஆகஸ்ட் 26ஆந் திகதிக்குப்பின் அதுவும் கேட்கவில்லை. அறிக்கைகள் எல்லாம் முறையாக எழுதப்பட்டிருந்தன; வௌவால் மாத்திரம் இல்லை.

நம் நாட்டிலும் ஏறத்தாழ இருபது தவளை இனங்கள் அழிந்தனவாகக் கணிக்கப்பட்டுள்ளன. உலகில் அவ்வாறு கணிக்கப்பட்ட நீர்நில வாழ்வனவற்றுள் இது பெரும்பங்கு. ஆயினும் ஒரு நற்செய்தி உண்டு. திருகோணமலைக் கடலிலே ஓடில்லாக் கடல்நத்தைகளை ஆராய்ந்த இலங்கை அறிஞர் கெலாட், 1853இல் மலைநாட்டுத் தவளையொன்றை விவரித்திருந்தார். அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் அதனைக் காணவில்லை. 2009இல் சிவனொளிபாத மலைக் காட்டிலே அது உயிரோடு மீண்டும் அகப்பட்டது. காடு எஞ்சியிருந்தமையால் தவளையும் எஞ்சியிருந்தது.

நாம் செய்யத்தக்கவை

வனசீவராசிகளைக் காக்கும் சட்டம் இலங்கையில் 1937ஆம் ஆண்டு முதலே உண்டு. திணைக்களம் 1949 முதல் உண்டு. சட்டமும் திணைக்களமும் எல்லா இடத்திலும் கண்விழித்து நிற்க இயலா. விடுமுறைக்குத் திருகோணமலை செல்லும் குடும்பங்கள் செய்யத்தக்க சில எளியவை.

கோட்டை மான்களுக்கு எதையும் எறியாதிருங்கள். கொண்டுசென்ற பையைக் கொண்டே திரும்புங்கள். புறாத்தீவில் பவளத்தின்மேல் கால் வையாதிருங்கள். நீந்தத் தெரியாதோர் மிதப்பு அங்கியின்றி இறங்கவேண்டாம். சங்கும் பவளமும் ஆமையோட்டுப் பண்டமும் விலைக்கு வந்தால் வாங்காதிருங்கள். வாங்குவோர் இல்லையேல் விற்போர் இல்லை. திமிங்கிலம் காணப் படகேறினால், "இன்னும் கிட்டப் போ, தம்பி" என்று படகோட்டியை ஏவாதிருங்கள். தூரத்தே நின்று காண்பவர்க்கே அது நெடுநேரம் காட்சி தரும். படகோட்டியும் தன் பிழைப்பு திமிங்கிலத்தின் வாழ்வோடு பிணைந்தது என்பதை அறிந்தவனே. பயணிகளின் அவசரமே பலமுறை அவனைத் தவறச் செய்கிறது.

மாணவர்க்கு இன்னுமொரு பணி உண்டு. தம் ஊரிற் காணும் பறவை, விலங்கு, மீன் ஆகியவற்றின் தமிழ்ப் பெயர்களைப் பாட்டனார், பாட்டியாரிடமும் மீனவரிடமும் உழவரிடமும் கேட்டு, எந்த மாதத்தில், எவ்விடத்தில், எத்தனை கண்டோம் என்பதையும் சேர்த்து ஒரு கொப்பியிற் குறித்துவையுங்கள். ஆண்டுதோறும் குறித்துவந்தால் எது குறைகிறது என்பது தானே தெரியவரும். குறைவதை உரிய காலத்தில் அறியாமையே பயணப்புறாவுக்கும் கடற்பசுவுக்கும் எமனாயிற்று.

இழந்ததை மீட்பது எத்துணை அரிது என்பதற்கு இந்தியாவே சான்று. சிவிங்கி என்னும் வேகமான பூனையினம் அங்கே அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, 2022 செப்டெம்பரில், நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளை விமானத்திலே கொண்டுவந்து குனோ காட்டில் விட்டனர். பெரும்பொருள் செலவாகியும் அம்முயற்சி இன்னும் கடினமான பாதையிலேயே செல்கிறது. உள்ளதைக் காத்திருந்தால் அதில் ஒரு சிறு பகுதியே செலவாகியிருக்கும்.

திருகோணமலை இவ்வகையிற் பாக்கியம் பெற்ற ஊர். கோட்டையில் மான் இன்னும் நிற்கிறது. பாறைப் பிளவில் புறா இன்னும் குஞ்சு பொரிக்கிறது. கந்தளாய்க் காட்டில் யானை இன்னும் நடக்கிறது. கோணேசர் மலையடியில் நீலத் திமிங்கிலம் இன்னும் மூச்சுவிடுகிறது. நம் பேரப்பிள்ளைகள் நிலாவெளிக் கரையில் நின்று, "இதற்கு ஏன் புறாத்தீவு என்று பெயர்?" என வினவும்போது, விரலை நீட்டிப் பறவையைக் காட்டும் பேறு அன்றைய பெற்றோர்க்கும் வாய்க்கவேண்டும். அது இன்று அங்கே செல்லும் நம் கையிலேயே உள்ளது.